துத்தநாகம் 11: குடியாத்தத்து ஜூடோ மாணவனின் இரத்த அறிக்கை

6 ஏப்ரல் 2025, மாலை. குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை கேட்டது

என் மகனுக்கு 15 வயது. நான்கு ஆண்டுகளாக ஜூடோ பயில்கிறான். 55 கிலோ பிரிவு. ஒரு மாதமாகப் பிடியில் வலு இல்லை, பசி இல்லை, கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது என்கிறான். பயிற்சியாளர் சொன்னதால் இரத்தத்தில் தாதுச் சத்துகளைப் பார்த்தோம். மக்னீசியம் 1.9, கால்சியம் 9.4, இவை சரியாக இருக்கின்றனவாம். துத்தநாகம் மட்டும் 11 என்று வந்திருக்கிறது. இணையத்தில் தேடினால் 70-க்குக் குறையக் கூடாது என்கிறார்கள். ஆறில் ஒரு பங்குகூட இல்லையே! பயிற்சியாளர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தினம் 50 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை ஒன்று தருகிறார். இவனுக்கு இரண்டாகக் கொடுக்கலாமா? சண்டை விளையாட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாம் இப்படித்தான் சத்து வற்றிப்போகுமா?

6 ஏப்ரல், இரவு

இரண்டு வேண்டாம், ஒன்றும் இப்போதைக்கு வேண்டாம். வேலூரில் 31 ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் இரத்தக் குழாய்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: துத்தநாகம் 11 உள்ள பிள்ளை மெத்தையில் நின்று ஆளைத் தூக்கிப் போட முடியாது. தோல் வெடித்து, முடி கொட்டி, வயிற்றுப்போக்கோடு படுத்திருப்பான். ஆகவே முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இரத்தம் எந்த நிற மூடியுள்ள குழாயில் எடுக்கப்பட்டது என்று நினைவிருக்கிறதா? நுண் தாதுக்களுக்கென்றே அடர்நீல மூடிக் குழாய் இருக்கிறது. சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க ஒரு பொட்டாசியம் உப்பு வைத்திருப்பார்கள். அது கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் எல்லாவற்றையும் கவ்விப் பிடித்துக்கொண்டு, நிறமானி முறையில் அளக்கும்போது குறைத்துக் காட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பயிற்சி மாணவர் சிவப்பு மூடிக் குழாயில் இரத்தம் போதவில்லை என்று ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றிச் சமன் செய்துவிட்டார். பொட்டாசியம் 14, கால்சியம் 4 என்று வந்தது. அந்த எண்களோடு எவரும் உயிரோடு இருக்க முடியாது. நோயாளியோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மகனுக்குக் கால்சியம் சரியாக இருப்பதால் இது அந்தக் கோளாறாகத் தெரியவில்லை. வேறு ஏதோ இருக்கிறது. மருத்துவரிடம் காட்டி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

7 ஏப்ரல்

கேட்க மறந்தது: எந்த நேரத்தில் எடுத்தார்கள்? பயிற்சிக்கு முன்பா, பின்பா? சாப்பிட்டிருந்தானா? துத்தநாகம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாதிரியும், சாப்பாட்டுக்குப் பின் மாலையில் அதைவிடக் குறைவாகவும் காட்டும். 10 வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்குக் குறைபாட்டின் எல்லைக்கோடு காலையில் வெறும் வயிற்றில் 74, சாப்பிட்ட பின் காலையில் 70, பிற்பகலில் 61. எல்லாம் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கு. இணையத்தில் கிடைக்கும் ஒற்றை எண் 70 இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

8 ஏப்ரல்

குடியாத்தம் அன்பர் அறிக்கையைப் பார்த்து எழுதிவிட்டார். அலகு லிட்டருக்கு மைக்ரோமோல். நானல்லவா முதல் கேள்வியாக இதைக் கேட்டிருக்க வேண்டும்? 31 ஆண்டு அனுபவம் என்று பெருமை பேசிவிட்டு, குழாயின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மைக்ரோமோலை 6.54-ஆல் பெருக்கினால் மைக்ரோகிராம் வரும். 11-ஐப் பெருக்க 72. மாலை ஆறரை மணிக்கு, இரண்டு இட்லியும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, பயிற்சி முடித்த கையோடு எடுத்த இரத்தத்தில் 72 என்பது குறைவே இல்லை. வீட்டில் ஒரு வாரமாகத் தூக்கம் போயிருக்கிறது; காரணம் ஓர் அலகு.

ஆனால் பையனுக்குப் பிடி தளர்வதும் பசி இல்லாததும் மெய்தான். அறிக்கை சரியென்றால் பிள்ளையும் சரி என்று நான் சொல்லவில்லை. மக்னீசியம் 1.9 என்பதிலும் மகிழ ஒன்றுமில்லை. உடம்பிலுள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் இல்லை. மிச்சமெல்லாம் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. கால்சியமும் அப்படியே. இரத்தத்தில் குறைந்தால் உடம்பு எலும்பைக் கரைத்தாவது சமன் செய்துவிடும். சட்டைப்பையில் நூறு ரூபாய் இருக்கிறது என்பதை வைத்துப் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கெண்டைக்கால் இழுப்புக்கு மக்னீசிய மாத்திரை என்பது வழக்கமாகிவிட்டது. வயதானவர்களிடம் செய்த சோதனைகளில் அதற்குப் பலன் தெரியவில்லை. இளைஞர்களிடம் தெரியும் என்று நம்பவும் ஆதாரமில்லை.

11 ஏப்ரல்

என் தம்பி மகளின் கதையைச் சொன்னால் இரத்தம் எடுக்கும் நாள் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். அவளுக்கு 17 வயது. குத்துச்சண்டை, 48 கிலோ பிரிவு. சென்ற நவம்பரில் ஒரு போட்டிக்கு எடை பார்ப்பதற்கு முந்தைய நாள், மயக்கம் வருகிறது என்றாள். நானே இரத்தம் எடுத்தேன். நரம்பு கிடைக்கவில்லை. கையை மூடி மூடித் திற என்று சொல்லவும் முடியாது. அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் வெளிவந்து அளவு பொய்யாகக் கூடும். குத்துச்சண்டைப் பெண்ணிடம் முஷ்டியை மூடாதே என்று சொல்வதும் ஒரு வேடிக்கைதான். மூன்றாம் குத்தில் வந்த இரத்தம் வழக்கத்தைவிடக் கருஞ்சிவப்பாக, குழாயில் தயங்கித் தயங்கி ஏறியது.

ஹீமோகுளோபின் 13.2 என்று வந்தது. தம்பிக்கு மகிழ்ச்சி. அவள் என்னிடம், "நல்லாத்தானே கீது அத்த, இன்னாத்துக்கு மாத்திரை?" என்று கேட்டுவிட்டு புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு எச்சில் துப்பத் தொடங்கினாள். அது எச்சில் ஊறுவதற்காம். எச்சிலைத் துப்பித் துப்பி 200 கிராம் குறைப்பார்களாம். நான் கேட்டிராத வித்தை அது.

போட்டி முடிந்து பத்து நாள் கழித்து, நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த உடம்பில் மறுபடி எடுத்தேன். ஹீமோகுளோபின் 11.6. பத்து நாளில் இரத்தம் எங்கேயும் ஓடிவிடவில்லை. முன்பு தண்ணீர் வற்றியதால் செறிவு கூடித் தெரிந்தது, அவ்வளவுதான். குழம்பைச் சுண்ட வைத்தால் உப்பு கூடித் தெரிவதில்லையா, அதுபோலத்தான். துத்தநாகத்தில் பெரும்பகுதியும் கால்சியத்தில் ஒரு பகுதியும் ஆல்புமின் புரதத்தில் தொற்றிக்கொண்டு திரிபவை. உடம்பு வற்றியபோது அவையும் உயர்ந்து தெரியும்.

15 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு 12-க்குக் கீழ் இரத்தசோகை. ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 38 இருந்தது. சேமிப்பு காலியாகிவிடவில்லை, கடும் பயிற்சியில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் ஹீமோகுளோபின் நீர்த்துத் தெரிவதுண்டு, இதுவும் அதுவாக இருக்கும் என்று எண்ணி, இரும்பு மாத்திரை தேவையில்லை என்றேன்.

12 ஏப்ரல்

ஆற்காட்டிலிருந்து ஒருவர், "எங்கள் காலத்தில் சிலம்பம் சுற்றியவர்கள் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்று வளர்ந்தார்கள், துத்தநாகம் என்றால் தகரக் கொட்டகையின் பூச்சு என்றுதான் தெரியும்" என்று எழுதியிருக்கிறார். நகைச்சுவையை ஏற்கிறேன். களியையும் ஏற்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்பது 2017-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட அட்டவணைக் கணக்கு. அரிசி அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் தானியத்தின் தோலில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போட்டு, வந்த வழியே வெளியே அனுப்பிவிடும். முளைகட்டி வறுத்து அரைத்தால் அந்தக் கட்டு தளரும். கூழைப் புளிக்கவைத்தாலும் தளரும். நம் பாட்டிமார் முதல் நாள் இரவே கூழ் கரைத்து வைத்ததில் இந்த லாபமும் இருந்தது. இப்போது பிள்ளைகள் விடியற்காலையில் தேநீர்க் கடையில் ஒரு தேநீர், பயிற்சிக்குப் பின் களியோடு இன்னொரு தேநீர் என்று குடிக்கிறார்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அந்த வேளையின் தாவர இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். தேநீரின் இடத்தில் ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால் இன்னும் நல்லது.

இறைச்சி உண்ணும் வீட்டில் இவ்வளவு கணக்கும் வேண்டாம். பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் மாட்டிறைச்சி ஆட்டிறைச்சியைவிட எவ்வளவு மலிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை; இரும்பும் துத்தநாகமும் சேர்ந்து, எளிதில் சேரும் வடிவில், அதைப்போல் மலிவாக வேறெதிலும் கிடைக்காது. எங்கள் வீட்டில் வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுப்பார்கள். ஆட்டின் மண்ணீரலான அதில் இரும்பு மிகுதி. பெயர் தெரியாமலே சரியாகச் செய்தார்கள்.

15 ஏப்ரல்

அந்த 50 மில்லிகிராம் விஷயத்துக்கு வருகிறேன். 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள், உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 34 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு மேல் நெடுநாள் கொள்ளக் கூடாது என்பது அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த எல்லை. பயிற்சியாளர் தினம் கொடுப்பது மாத்திரையிலேயே 50. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம் கொடுப்பது உயிர்காக்கும் மருத்துவம். ஆனால் அது பத்து, பதினான்கு நாள் கணக்கு. ஆண்டு முழுவதும் கொடுப்பது வேறு.

மிகுந்த துத்தநாகம் குடலில் செம்பைச் சேரவிடாது. செம்பு குறைந்தால் இரத்தசோகை வரும், வெள்ளணுக்களும் குறையும், இரும்பு எவ்வளவு கொடுத்தாலும் தேறாது. சோர்வுக்குக் கொடுத்த மாத்திரை சோர்வைக் கொண்டுவந்து சேர்க்கும். குடியாத்தம் பையனுக்குப் பசி கெட்டது மாத்திரை தொடங்கிய பிறகா, முன்பா என்று கேட்டிருந்தேன். பிறகுதானாம், குமட்டலும் இருக்கிறதாம். வெறும் வயிற்றில் துத்தநாகம் குமட்டும். அதிகாலையில் பயிற்சிக்குமுன் வெறும் வயிற்றில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பயிற்சியாளரைத் திட்டி நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் சரியாக வராத நிலையிலும் தன் கைக்காசில் மாத்திரை வாங்கித் தருகிற மனிதர் அவர். உட்கார்ந்து பேசினால் கேட்பார்.

(செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் ஈடாகாதா என்று ஒருவர் கேட்கிறார். தண்ணீர் குடியுங்கள், மோரை மட்டும் அதில் ஊற்றிவைக்காதீர்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும். வாந்தி எடுக்க வேண்டியிருக்கும்.)

19 ஏப்ரல்

ராணிப்பேட்டை அன்பர் தன் மகளின் தலைமுடியை அனுப்பி 20 தாதுக்களை அளந்த அறிக்கையைக் காட்டுகிறார். குரோமியம் அதிகம், துத்தநாகம் மிக அதிகம், செலினியம் அதிகம். டேக்வாண்டோ பயிலும் பெண்.

தலைமுடி உள்ளேயிருந்து வருவதைப் போலவே வெளியேயிருந்தும் வாங்கிக்கொள்ளும். பொடுகு ஷாம்புகள் சிலவற்றின் மருந்துப் பொருளே துத்தநாகம். வேறு சிலவற்றில் செலினியம். அந்தப் பெண் பொடுகு ஷாம்பு போடுகிறாளாம். கதை முடிந்தது.

குரோமியம் அப்படி எளிதாக முடியவில்லை. தந்தை தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர். தோல் பதனிட உதவுவது மூன்றிணைதிறக் குரோமிய உப்பு. நஞ்சென்று அஞ்ச வேண்டியது ஆறிணைதிறக் குரோமியம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேட்டில் உள்ளது இரண்டாவது வகை. லட்சக்கணக்கான டன் அங்கே கிடக்கிறது. பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் ஒரு தீர்ப்பும், 2025 ஜனவரி 30-இல் இன்னொரு தீர்ப்பும் சொன்ன பிறகும், கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இந்த ஊர்க்காரர் கவலைப்படுவதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதற்குப் பரிசோதிக்க வேண்டியது கிணற்று நீரை. பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் சிறுநீரை. முடியில் வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையின் தூசு ஒட்டியதா, தண்ணீர் வழியே உள்ளே போனதா என்று அந்த அறிக்கையால் பிரித்துச் சொல்ல முடியாது.

கொழுப்பைக் கரைக்கும் என்று குரோமிய மாத்திரையைக் காசு கொடுத்து வாங்கி விழுங்குகிறவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். எவரிடமும் அதனால் எடை குறைந்து நான் பார்க்கவில்லை.

4 மே

இன்று கத்திரி தொடக்கம். வேலூரை வெயிலூர் என்று எழுதும் பழைய நகைச்சுவையை யாரும் மறுபடி போட வேண்டாம், எனக்கே வியர்க்கிறது.

காலை ஐந்தரை மணிக்குக் கோட்டை மைதானத்தில் தம்பி மகளின் பயிற்சிக்குத் தராசோடு போனேன். தொடங்கும்போது 49.8 கிலோ. ஒன்றரை மணி நேரம் கயிறு தாண்டி, ஓடி, குத்தி முடித்து, உடம்பைத் துடைத்துவிட்டு நின்றபோது 48.9. நடுவில் 400 மில்லி தண்ணீர் குடித்தாள். ஆக 1.3 லிட்டர் வியர்வை. அவளுடைய கறுப்பு பனியனின் முதுகில் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடுகள், ஏரி வற்றியபின் கரையில் படிவதைப்போல ஒன்றன்கீழ் ஒன்றாக. நாக்கில் வைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் பழகிய புத்தி.

வியர்வையின் சோடியம் ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். லிட்டருக்கு ஒரு கிராம் சோடியம் என்று தோராயமாக வைத்தால் இரண்டரை கிராம் சமையல் உப்பு. அவளுக்கு அன்று மூன்று கிராமுக்கு மேல், அரைத் தேக்கரண்டி, போயிருக்கும். அதனோடு ஒப்பிட்டால் வியர்வையில் போகும் இரும்பு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் சிறு பகுதி. ஆனால் உடம்பு நாளொன்றுக்குக் குடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் என்பதால், தினம் இரண்டு வேளைப் பயிற்சி என்றால் அந்தச் சிறு பகுதியும் கணக்கில் வரும். மாதவிடாய் அதன்மேல் வருகிறது.

உப்புப் போட்ட மோர், வேளைக்குச் சாப்பாடு, தண்ணீர். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு இதற்குமேல் வேண்டாம். வெயிலில் நெடுநேரம் என்றால் ஓஆர்எஸ் கரைசல். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு பையன் அதை ஒரு டம்ளரில் கலக்கிக் குடித்துவிட்டு வாந்தியெடுத்ததை அன்று கண்ணால் பார்த்தேன். "கெட்டியா இருந்தா சத்து ஜாஸ்தின்னு நெனச்சேன் ஆன்ட்டி" என்றான்.

இந்துப்பு வாங்கச் சொல்லும் சிலம்ப ஆசான்களுக்கு ஒன்று: அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. வளரும் பிள்ளையின் தைராய்டுக்கு அயோடின் வேண்டும். நிறம் இளஞ்சிவப்பாக இருப்பது அந்தக் குறையை ஈடுசெய்யாது.

9 மே

மேலே எழுதியதெல்லாம் கிளைகள். வேர் எடை குறைப்பு. அதை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். எங்கள் வீட்டிலேயே நடப்பதால் கை வரவில்லை.

சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் தங்கம் வென்ற பிறகு, இந்த ஊரில் எடைப் பிரிவு என்றால் என்ன என்று தெருவில் விளையாடும் பிள்ளைக்கும் தெரியும். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்டில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் எடை 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியை இழந்தபோது எங்கள் வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை. மறுவாரம் தம்பி மகள் தன் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். 100 கிராம் மிச்சமாகுமாம்.

வளர்ந்தவர்கள் செய்வதைப் பிள்ளைகள் செய்யும்போது கணக்கு மாறுகிறது. 15 வயதுப் பையன் ஆண்டுக்கு ஐந்தாறு கிலோ கூட வேண்டிய பருவத்தில் இரண்டு ஆண்டுகளாக 55-இல் நிற்கிறான் என்றால், குறைவது துத்தநாகம் மட்டுமா? சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் அதிலுள்ள இரும்பும் கால்சியமும் மக்னீசியமும் கூடவே போகின்றன. எலும்பு சேமிக்க வேண்டிய காலம் இது. பிறகு இந்தக் கடை திறக்காது. சிறுநீர் மாத்திரை போடுகிறவர்களைப் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது. அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளது என்பது ஒரு பக்கம். பொட்டாசியம் இறங்கினால் இதயத்தின் தாளம் தவறும் என்பது மறு பக்கம்.

அமெரிக்காவில் 1997 நவம்பர் தொடங்கி ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் ரப்பர் உடையும் சூடும் பட்டினித் தாகமுமாக எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உடம்பு வற்றினால் கூடும்) 1.020-க்கு மேல் இருந்தால் அந்தப் பருவத்துக்கான எடையை நிர்ணயிக்க மாட்டோம் என்ற விதியும் வந்தது. அந்த ஒப்படர்த்தியை அளக்கும் சிறு கருவி என்னிடம் இருக்கிறது. கைக்குள் அடங்கும், ஒரு சொட்டு போதும், வெளிச்சத்தில் பார்த்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையில் கோடு தெரியும். மைதானத்தில் ஆறு பிள்ளைகளுக்குப் பார்த்தேன். நான்கு பேருக்குக் கோடு 1.025-ஐத் தாண்டியிருந்தது. அன்று போட்டி எதுவும் இல்லை, சாதாரண வெள்ளிக்கிழமை.

10 மே

அந்தக் கருவியால் பாலையும் பார்த்ததுண்டா என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், முன்பு ஒரு பால்காரரின் பாலைப் பார்த்திருக்கிறேன். அது அதற்கான கருவி இல்லை. பால்காரர் பயந்ததுதான் பலன்.

1 ஜூன்

ஏப்ரல் 11 அன்று எழுதியதைத் திருத்த வேண்டும். நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, நான் செய்த தவறை இன்னொருவர் செய்யாமலிருக்க இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பழைய நாட்குறிப்பைப் புரட்டியபோது, நவம்பரில் இரண்டாம் முறை இரத்தம் எடுத்த வாரம் தம்பி மகளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது என்று நானே எழுதியிருக்கிறேன். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். உடல்நலம் உள்ளவருக்கு 15-க்குக் கீழ் என்றால் சேமிப்பு காலி. தொற்றோ அழற்சியோ இருந்தால் 70-க்குக் கீழ் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. கூடவே, அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. வீங்கிய கன்னத்தை எதிரில் வைத்துக்கொண்டு, 38 என்ற எண்ணை நம்பினேன்.

சென்ற வாரம், மூன்று நாள் ஓய்வுக்குப் பின், காலையில், சிஆர்பியோடு எடுத்தோம். சிஆர்பி சரி. ஃபெரிட்டின் 11. ஆறு மாதமாக அந்தப் பெண் காலி வயலில் ஏர் ஓட்டியிருக்கிறாள். மூன்றாம் சுற்றில் கை இறங்கிவிடுகிறது, மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், ஓட்டத்தைக் கூட்டு என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல இரும்பு மாத்திரையை, கறுப்பாக மலம் போகிறது என்று அவளும் தோழியரும் சுற்றுச்சுவருக்கு அப்பால் வீசியிருக்கிறார்கள். அதையும் அத்தை வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று சொல்லிக்கொண்டாளாம்.

மருத்துவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் மாத்திரை எழுதியிருக்கிறார். காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து குடலின் கதவை ஒரு நாள் சாத்திவிடுகிறது; கடும் பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரத்திலும் அது ஏறும். அதனால் விடியற்காலையில், பயிற்சிக்கு முன்போ முடித்த உடனேயோ, எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கிறோம். தேநீர் எட்டரைக்குத்தான். வெறுங்காலோடு மண்ணில் பயில்கிறவள் என்பதால் கொக்கிப்புழுவுக்கும் ஒருமுறை மருந்து கொடுத்தார். ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் அந்தப் புழுவைப் பற்றிப் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. இது நம் ஊருக்குப் புதிய விருந்தாளி இல்லை.

22 ஜூன்

குடியாத்தத்திலிருந்து செய்தி. துத்தநாக மாத்திரையை நிறுத்திப் பத்து நாளில் பையனுக்குக் குமட்டல் நின்று பசி வந்துவிட்டது. ஐந்து நாள் ஓய்வுக்குப் பின் காலையில், வெறும் வயிற்றில், அடர்நீல மூடிக் குழாயில் எடுத்த துத்தநாகம் 84. இம்முறை தந்தை முதலில் அலகைப் பார்த்தாராம்: டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம். எடை 58.3. பயிற்சியாளர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் 60 கிலோ பிரிவில் பெயரைப் பதிந்துவிட்டு, மீதி மாத்திரைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் பக்கம் 48-க்கு அடுத்த எடைப் பிரிவுக்குப் பேச்சு நடக்கிறது. இன்னும் முடிவாகவில்லை, அவளுக்குத் தன் பழைய எதிராளியை 48-இல் ஒருமுறை வென்றுவிட வேண்டுமாம்.

ஒரு சிறு திருத்தம். மே 4 அன்று அவள் குடித்த தண்ணீரை 400 மில்லி என்று எழுதினேன். நேற்று அந்த பாட்டிலைக் கழுவும்போது அடியில் 600 என்று இருப்பதைப் பார்த்தேன். அன்று முழு பாட்டிலையும் குடித்தாள். ஆகவே வியர்வை 1.5 லிட்டர்.